விழாமல் நிற்கப் பழகலாம்: ரத்தம் உறையாமை உள்ள பெரியவர்களுக்கு வீட்டுப் பயிற்சி



"ரத்தம் நிக்காத வியாதி" என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டாக்டர்கள் ஹீமோபிலியா என்கிறார்கள். இந்த நோய் உள்ள மகனை, தம்பியை, கணவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர்கள் நம்ம குழுக்களிலும் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகும்போது அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஃபேக்டர் ஊசி பற்றித்தான். எங்கே கிடைக்கும், எத்தனை தருவாங்க, ஊனச் சான்றிதழ் வாங்க யாரைப் பார்க்கணும். எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் 30, 40 வயதைத் தாண்டிய ஆள் உள்ள வீடுகளில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அவர் அடிக்கடி தடுமாறுகிறார். வாசற்படியில் கால் தட்டுகிறது, பாத்ரூமில் வழுக்குகிறது, வரப்பில் நடக்க முடியவில்லை.

இவர்கள் சின்ன வயசிலிருந்தே "ஓடாதே, ஏறாதே, ஒரு இடத்துல உக்காரு" என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஃபேக்டர் மருந்து எளிதில் கிடைக்காத காலத்தில் அம்மாக்கள் வேறு என்ன செய்ய முடியும்? அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் உட்கார்ந்தே இருப்பவருக்குத் தொடைத் தசை கரைகிறது. தசை கரைந்தால் முழங்காலுக்குப் பிடிமானம் இல்லை. பிடிமானம் இல்லாத கால் தடுமாறும், தடுமாறினால் விழுவார், விழுந்தால் உள்ளே ரத்தம் கசியும். கசிந்த பிறகு மறுபடியும் "அசையாதே" என்று உட்கார வைப்போம். இந்தச் சுற்றை வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே உடைக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

ரத்தம் உறைவதற்கு உடம்பில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. இவற்றுக்கு ஃபேக்டர் என்று பெயர், எண் கொடுத்துச் சொல்வார்கள். ஃபேக்டர் 8 குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஃபேக்டர் 9 குறைந்தால் ஹீமோபிலியா பி. சாதாரண ஆளுக்கு இருப்பதில் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான வகை, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேலே லேசானது. இந்த நோய் உள்ளவருக்கு ரத்தம் வேகமாகப் பாயும் என்று நினைப்பது தவறு. மற்றவர்களுக்கு வருகிற அதே வேகத்தில்தான் வரும், நிற்பதற்குத்தான் ரொம்ப நேரம் ஆகும்.

பிளேடு கீறினால் உயிர் போய்விடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகத் தொல்லை தருவது வெளியே தெரியாத கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை இந்த மூன்று மூட்டுகளுக்குள்தான் பெரும்பாலும் கசியும். கடுமையான வகையில் அடியே படாமலும் கசியலாம். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டின் உள்சவ்வு தடித்துப்போகிறது, எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்பு அரித்துப்போகிறது. 25 வயதுப் பையனுக்கு 60 வயதுக்காரர் முழங்கால் வருவது இப்படித்தான்.

"தாய் வழியா வந்த வியாதி" என்று மருமகளைப் பேசும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. இந்த நோய் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை, மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வருகிறது. தாய் வழியாக வந்தாலும் அது அவள் செய்த குற்றம் இல்லை.

கால் ஏன் தடுமாறுகிறது?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று கண். இன்னொன்று காதுக்குள்ளே இருக்கிற சின்ன உறுப்பு, அது தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். மூன்றாவது தசை, தசைநார், மூட்டு இவற்றில் இருக்கிற உணர்வு நரம்புகள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் காலை நீட்டிப் பாருங்கள், கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது இல்லையா? அந்த உணர்வுதான் மூன்றாவது.

மூட்டுக்குள் பல முறை ரத்தம் கசிந்தவருக்கு இந்த மூன்றாவது செய்தி மங்கிவிடுகிறது. அதோடு முழங்கால் முழுசாக நீளாமல் கொஞ்சம் மடங்கியே நிற்கும், கணுக்கால் இறுகிப்போகும், ஒரு கால் குட்டையானது போல் ஆகிவிடும். அதனால் அவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். பகலில் நன்றாக நடப்பவர் கரண்ட் போனதும் விழுவதற்குக் காரணம் இதுதான். குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நிமிஷத்தில் சாய்வதும் இதனால்தான். "கவனமில்லாம இருக்கான்" என்று திட்டுகிறோம். கவனம் இல்லாமல் இல்லை, காலிலிருந்து செய்தி வரவில்லை.

நல்ல விஷயம் என்னவென்றால், இது பழகப் பழகத் திரும்பி வரக்கூடியது. கெட்டுப்போன குருத்தெலும்பைப் பயிற்சி சரி செய்யாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தசைக்குப் பலம் வரும், நிற்கிற பிடிப்பும் கூடும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் ரத்தம் உறையாமை உள்ள பெரியவர்களுக்கு இப்படி ஒரு முயற்சி செய்து 2010-ல் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து, அவரவர் காலுக்கு ஏற்ற பயிற்சி எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் வீட்டிலேயே செய்தார்கள். சேர்ந்தவர்கள் 20 பேர், முடித்தவர்கள் 12 பேர். முடித்தவர்களுக்கு நிற்பதிலும், உட்கார்ந்து எழுவதிலும் முன்னேற்றம் தெரிந்தது, மூட்டுக்கு அதனால் கேடு வரவில்லை. சின்ன ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய முடிவு எடுக்க முடியாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த 12 என்ற எண். அங்கேயே 8 பேர் முடிக்கவில்லை. நம்ம வீட்டில் இரண்டாவது வாரம் "போதும் போ" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். பக்கத்தில் நின்று நேரம் எண்ண ஒரு ஆள் இருந்தால் தொடர்ந்து செய்வது சுலபம்.

ஆரம்பிக்கும் முன்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலையே ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் அவர் ஃபேக்டர் வாங்கும் ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள். எந்த மூட்டு எந்த அளவில் இருக்கிறது, எது செய்யலாம், எது கூடாது என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. முழங்கை கெட்டவர் கையை ஊன்றி எழக்கூடாது என்பார்கள், கணுக்கால் இறுகியவருக்குக் குதிகால் தூக்குவது வேண்டாம் என்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முன்கூட்டியே ஃபேக்டர் போட்டுக்கொள்பவராக இருந்தால், ஊசி போட்ட நாளில் பயிற்சி வைத்துக்கொள்வது நல்லது, அன்றைக்கு ரத்தத்தில் ஃபேக்டர் கூடுதலாக இருக்கும். கசிவு வந்த பிறகு மட்டும் ஊசி போடுகிறவர் இன்னும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். அண்மையில் கசிவு வந்திருந்தால் வீக்கமும் வலியும் முழுக்கப் போய், டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

இடம் முக்கியம். சமையல் மேடை, ஜன்னல் கம்பி, கனமான கட்டில் இவற்றைப் பிடித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிக்க வேண்டாம், சிமெண்ட் தரையில் அது ஆளோடு சேர்ந்து வழுக்கும். தரை ஈரமில்லாமல் இருக்கணும், பாய், கால்மிதி எதுவும் கிடக்கக்கூடாது. ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். பின்பக்கம் வார் வைத்த செருப்பு அல்லது ஷூ போடலாம். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆனால் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, சாய்ந்தால் தாங்குகிற தூரத்தில் நின்றால் போதும்.

பயிற்சிகள்

முதலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, முழங்காலை நீட்டி மடக்கிச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உட்கார்ந்து எழுவதுதான் எல்லாவற்றிலும் பயன் அதிகம் உள்ளது என்பது என் கருத்து. தொடைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது, கக்கூஸுக்குப் போக, பஸ்ஸில் ஏற எல்லாவற்றுக்கும் இந்தத் தசைதான் தேவை. சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலிலோ பெஞ்சிலோ விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, முன்னே சாய்ந்து மெதுவாக எழ வேண்டும். அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுவது போல் உட்கார்ந்தால் பாதிப் பலன்தான். முழங்கால் வலித்தால் இரண்டு போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 5 முறையில் ஆரம்பித்து, பல நாட்களில் 10 ஆக்கலாம். கையை ஊன்றி எழுபவர் அப்படியே ஆரம்பிக்கட்டும், சில வாரத்தில் ஒரு கை, பிறகு கை இல்லாமல்.

அடுத்தது, சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்து நின்று உடம்பின் எடையை வலது காலுக்கும் இடது காலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி தெரியும். ஆனால் இவர்களில் பலர் வருஷக்கணக்காக நல்ல கால் மேலேயே நின்று பழகியவர்கள். கெட்ட காலில் பாதி எடையைக் கொடுக்கவே பயப்படுவார்கள். இங்கே அவசரப்படுத்தக் கூடாது. அது பழகியதும் அதே இடத்தில் நின்று இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது, பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது.

பிறகு நிற்கும் பழக்கம். முதலில் இரண்டு பாதமும் ஒட்டி நிற்கணும். அது 30 எண்ணும் வரை ஆடாமல் முடிந்தால், ஒரு பாதத்தைப் பாதி முன்னே தள்ளி நிற்கணும். அதுவும் முடிந்தால் ஒரு பாதத்தின் குதிகால் அடுத்த பாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில். கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொரு படியிலும் முதலில் இரண்டு கை பிடிக்கணும், அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு விரல் மட்டும் மேடையைத் தொடணும், அப்புறம் விரலை எடுத்து மேடைக்கு மேலேயே வைத்திருக்கணும். ஒரு படி சுலபமாக வந்த பிறகுதான் அடுத்தது. ஒற்றைக் காலில் 10 நொடி நிற்பதற்குச் சிலருக்கு மூன்று மாதம் ஆகலாம். ஆகட்டும்.

இதெல்லாம் வந்த பிறகு நின்றபடியே வேலை கொடுக்கலாம். அலமாரியில் பக்கவாட்டில் டம்ளர்களை வைத்து எட்டி எடுக்கச் சொல்லுங்கள். மேடையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கலாம். தாழ்ந்த வாசற்படியில் ஒரு காலை வைத்து எடுக்கலாம். நடந்துகொண்டே தலையை வலது இடது திருப்பலாம், பேசிக்கொண்டே நடக்கலாம். ரோட்டில் நாம் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடப்பதில்லையே, அதனால் இதையும் பழக வேண்டியிருக்கிறது. கண்ணை மூடி நிற்பது மட்டும் கடைசி. பிசியோதெரபிஸ்ட் சொன்னால் மட்டும், இரண்டு கையும் பிடித்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

மொத்தம் 15, 20 நிமிஷம் போதும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். குதிப்பது, முழுசாகக் குந்தி எழுவது, மண்டி போடுவது, கனம் தூக்குவது வேண்டாம்.

காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு டிக் போடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே கோட்டில் எத்தனை நொடி நின்றார், 30 நொடியில் எத்தனை முறை எழுந்தார் என்று குறித்து வைத்தால் அவருக்கே நம்பிக்கை வரும். தையல் டேப் வீட்டில் இருந்தால் இன்னொரு உபயோகம் உண்டு. நல்லா இருக்கும்போது இரண்டு முழங்கால் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். சந்தேகம் வரும் நாளில் அதே இடத்தில் அளந்தால் வீக்கமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இதைக் குடும்பத்தில் எல்லோரும் படிக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு தசையில் லேசான வலி வருவது சகஜம், ஓரிரு நாளில் போய்விடும். மறுநாள் காலை மூட்டு வலி கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம், குறைக்கணும். ஆனால் மூட்டுக்குள் குறுகுறுப்பு, சூடு, இறுக்கம், வீக்கம், மடக்க முடியாமை வந்தால் அது கசிவு. வீக்கம் தெரியும் முன்னாடியே "உள்ளே ஏதோ பண்ணுது" என்று அவரே சொல்லுவார். அந்தப் பேச்சை நம்புங்கள். உடனே பயிற்சியை நிறுத்தி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஃபேக்டர் போட வேண்டும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் 10, 15 நிமிஷம் வைக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும், நாட்டுக் கட்டு போடுவதும், வெந்நீர் ஒத்தடமும் கூடாது, கசிவு கூடிவிடும். வலிக்கு ஆஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக் கொடுக்கக் கூடாது, பாராசிட்டமால் கொடுக்கலாம். தசையில் போடும் ஊசியும் கூடாது.

தலையில் அடிபட்டால் வீக்கம் இருக்கா, வாந்தி வருதா என்று காத்திருக்க வேண்டாம். கையில் ஃபேக்டர் இருந்தால் போட்டுவிட்டு, இல்லாவிட்டால் அப்படியே 108-ஐக் கூப்பிட்டுப் புறப்படுங்கள். இடுப்பை மடக்கியே வைத்துக்கொண்டு, தொடை மடிப்பில் வலி, காலை நீட்ட முடியவில்லை என்றாலும் அப்படித்தான். அது இடுப்புக்குள் இருக்கும் பெரிய தசையில் கசிவாக இருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாமல் நிறைய ரத்தம் போய்விடும்.

பெண்களுக்கும் உண்டு

இந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் அம்மாக்களிலும் அக்கா தங்கைகளிலும் சிலருக்கு ஃபேக்டர் குறைவாகவே இருக்கும். வான் வில்லிபிராண்டு என்ற இன்னொரு ரத்தம் உறையாமை நோய் ஆண் பெண் இருவருக்கும் வரும். மாதவிலக்கு 7 நாளைத் தாண்டுகிறது, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்கவில்லை என்றால் "எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த "எல்லாருக்கும்" என்பதே ஒரு அறிகுறிதான். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் ரத்தம் உறைவதற்கான சோதனை செய்தாச்சா என்று கேளுங்கள். ரத்தசோகையால் வரும் தலைச்சுற்றலும் ஆளைத் தள்ளிவிடும். அவர்களுக்கு முதலில் இரும்புச்சத்து, பிறகுதான் ஒற்றைக் காலில் நிற்பது.

யாரிடம் கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தரப்படுகிறது. அங்கேயே பிசியோதெரபி பிரிவும் இருக்கும், ஊசிக்குப் போகும் நாளில் அங்கேயும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள், தனியாக பஸ் செலவு வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் ஒரு பகுதி. அதில் தன்னார்வலராக வேலை பார்த்தவர்கள் நம்ம குழுப் பெண்கள்தான், அவர்களிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஹீமோபிலியாவும் ஒன்று, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அதன் பலனை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். "அது வந்துட்டா இதெல்லாம் எதுக்கு" என்று ஒரு அண்ணன் கேட்டார். எந்தப் புது சிகிச்சை வந்தாலும் ஏற்கெனவே கெட்டுப்போன முழங்காலை அது புதுசாக்கித் தராது. அந்தக் காலில் நிற்க அவர்தான் பழக வேண்டும்.

குழுக்களுக்கு இரண்டு வேண்டுகோள். ராத்திரி நேரத்தில் ஃபேக்டருக்குப் புறப்பட வேண்டிய வீட்டுக்கு அவசரக் கடன் கொடுக்க அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், தலைவியும் பொருளாளரும் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதிக்கொள்ள இப்போதே முடிவு செய்து வையுங்கள். இரண்டாவது, யார் வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்பதைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கலாம்.

வெளியே போகும்போது அவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும். நோயின் பெயர், எந்த ஃபேக்டர், எத்தனை சதவீதம், ரத்த வகை, வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி, வீட்டு போன் நம்பர். "தசையில் ஊசி போடக் கூடாது" என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். மழையில் நனையாமல் இருக்க லேமினேஷன் செய்துவிடுங்கள், ஜெராக்ஸ் கடையில் கொஞ்சம் பணம்தான் ஆகும்.